தோடம்பழமும் தீர்வையும்

1

போன தை மாதக் கடைசியில் என் முதலாளியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒரு பை தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். ஊரிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு இதில் ஒரு பிழையும் தெரியாது. எனக்கும் அன்றைக்குத் தெரியவில்லை. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகிற வழக்கம் நமக்கு இல்லை. இத்தாலியின் தெற்கே, சிசிலித் தீவின் பலெர்மோவுக்கு வந்து இத்தனை வருடமாகியும் என் கை அதை மறக்கவில்லை.

என் முதலாளி சிஞ்ஞோர் வீத்தோ ஒரு பழத்தோட்டக்காரர். நகரத்தின் ஓரத்தில், மலை ஏறத் தொடங்குகிற இடத்தில், சியாகுல்லியில் அவருக்கு ஒரு மாண்டரீன் தோட்டம் இருந்தது. மாண்டரீனைத் தோடம்பழத்தின், அதாவது ஆரஞ்சின், தங்கச்சி என்று வையுங்கள். சிறியது, தோல் இளகியது, ஒன்றை உரித்தால் அடுத்த அறையில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும். மற்ற இடங்களில் அது மார்கழியோடு முடிந்துவிடும். சியாகுல்லியில் மட்டும் பிந்திப் பழுத்து, மாசி பங்குனி வரை மரத்தில் நின்று இனிக்கும். அந்த ஊர் பிழைத்ததே அந்தப் பிந்தலால்தான்.

அப்படிப்பட்ட ஒருவருக்கு, அவருடைய மரங்கள் கிளை தாழப் பழத்தோடு நிற்கிற மாதத்தில், நான் கடையில் பழம் வாங்கிக்கொண்டு போனேன். அது நடந்து ஒரு வருடமாகிறது. ஏன் அப்படிச் செய்தேன், அதன் பிறகு என்ன ஆனது என்பதை இப்போதாவது எழுதிவைக்கத் தோன்றுகிறது.

2

நான் வன்னியில் விசுவமடுவைச் சேர்ந்தவன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காகக் கண்ட முதல் ஆள். எழுபதுகளில் எங்கள் பக்கம் காடு வெட்டி, படித்த வாலிபர்களுக்கென்று அரசாங்கம் ஒரு குடியேற்றத் திட்டம் போட்டது. அந்தத் திட்டத்துக்குள் படிக்காத வாலிபராக என் அப்பா கூலிக்குப் போனார். மிளகாய் பிடுங்கினார். அப்போது வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் நாட்டுக்குள் வரமுடியாது. செத்தல் மிளகாய் விற்ற விலையில் கூலிக்காரனும் நிமிர்ந்தான். அப்பா ஒரு துண்டுக் காணி எடுத்ததும், ஒரு சைக்கிள் வாங்கியதும் அந்தக் காலத்தில்தான். பிறகு அரசாங்கம் மாறியது, துறைமுகம் திறந்தது, மிளகாய் கப்பலில் வந்து இறங்கியது. அப்பாவின் சைக்கிள் பழசாகியது. புதிது வரவில்லை.

நான் உயர்தரப் பரீட்சை எழுதவேண்டிய வருடத்தில் வன்னியில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பரீட்சை எழுதாமல் போன ஏக்கத்தில்தான் பலெர்மோவில் பெரியவர்களுக்கான மாலைப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். பகலில் தோட்டம், பின்னேரம் வகுப்பு. கையில் மாண்டரீன் தோலின் எண்ணெய் மஞ்சளாகப் பிடித்திருக்கும். கொப்பி முழுக்க அந்த மணம் அடிக்கும்.

வாய்மொழிப் பரீட்சைக்காக வரலாற்று ஆசிரியை ஆளுக்கொரு தலைப்பு கொடுத்தார். எனக்கு வந்தது: அமெரிக்காவின் ஆரம்ப காலத்தில் இறக்குமதித் தீர்வை, அதாவது வெளியிலிருந்து வருகிற சாமானுக்கான வரி, பற்றி ஒவ்வொரு பிரதேசமும் என்ன நினைத்தது. சிரிக்காதீர்கள். முதலில் நானும் சிரித்தேன்.

கதை இதுதான். அமெரிக்கா தனி நாடான புதிதில் இங்கிலாந்தின் துணி மலிவாக வந்து குவிந்தது. வடகிழக்கில் புதிதாக ஆலை போட்டவர்கள், வெளிநாட்டுச் சாமானுக்குத் தீர்வை போடுங்கள், இல்லாவிட்டால் எங்கள் ஆலை எழும்பாது என்றார்கள். அதே வடக்கில் கப்பல் வைத்திருந்த வியாபாரிகள் ஆரம்பத்தில் அதை விரும்பவில்லை. சாமான் வந்தால்தானே கப்பலுக்குப் பிழைப்பு. மேற்கில் புதிதாகக் குடியேறியவர்கள், தீர்வைப் பணத்தில் தெருவும் கால்வாயும் வரும், ஆலை நகரங்கள் எங்கள் தானியத்தை வாங்கும் என்று பெரும்பாலும் ஆலைக்காரரின் பக்கம் நின்றார்கள். தெற்கில் பஞ்சுத் தோட்டக்காரர். அவர்கள் பஞ்சை இங்கிலாந்துக்கு விற்றார்கள், வேண்டிய சாமானை வெளியிலிருந்து வாங்கினார்கள். தீர்வை போட்டால் வாங்குகிற சாமான் விலை ஏறும், இங்கிலாந்து பஞ்சு வாங்குவதும் குறையும். வடக்கின் ஆலைக்காக நாங்கள் ஏன் அழவேண்டும் என்று கேட்டார்கள். தெற்குக் கரோலினா என்ற மாநிலம் இந்தச் சட்டம் எங்கள் எல்லைக்குள் செல்லாது என்றே அறிவித்துவிட்டது. படை வரும் என்ற கதையும் வந்தது. கடைசியில், தீர்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம் என்று சமாதானமானார்கள்.

இதை நான் முதல் தடவை எழுதிக் கொடுத்தபோது ஆலைக்காரரையும் தோட்டக்காரரையும் இடம் மாற்றி எழுதியிருந்தேன். மொழி விளங்காமல் இல்லை. மண்ணில் பாடுபடுகிறவன் தீர்வை வேண்டாம் என்று சொல்லுவான் என்பது என் மூளைக்குள் ஏறவில்லை. நான் கண்ட தோட்டக்காரர்கள் எல்லாரும் வெளிச் சாமானுக்குக் கதவைப் பூட்டச் சொல்லி அழுதவர்கள். ஆசிரியை சிவப்பு மையால் சுழித்து, "திரும்ப வாசி" என்று எழுதியிருந்தார். வெளியே போய் விற்கிற பயிருக்கு ஒரு நியாயம், உள்ளே விற்கிற பயிருக்கு இன்னொரு நியாயம் என்று பிடிபட எனக்கு ஒரு கிழமை எடுத்தது.

3

சிஞ்ஞோர் வீத்தோ பேசுவது சிசிலி மொழி. பலெர்மோக்காரருக்கே சில சொல் விளங்காது. நாலு பருவம் அவரோடு ஏணி பிடித்ததில் அது என் காதில் நம் ஊர்ப் பேச்சாகவே விழத் தொடங்கிவிட்டது. அதனால் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

மத்தியானம் மரத்தடியில் சாப்பிட இருப்போம். அவருக்குக் கடலைமாப் பொரியல் வைத்த பாண். எனக்கு அக்கா கட்டித்தந்த சோறு. என் மடியில் புத்தகத்தைக் கண்டுவிட்டால் விடமாட்டார்.

"என்ன, புரொபெஸ்ஸோரே, இண்டைக்கு ஆரைப் பற்றிப் படிப்பு?"

கரோலினாவின் கதையைச் சொன்னேன். அவர் பாணைக் கீழே வைத்துவிட்டார்.

"அது நாங்கள்தான்!" என்றார். "அந்தத் தெற்கு இந்தத் தெற்குத்தான். இத்தாலி ஒண்டாச் சேர்ந்த பிறகு வடக்கிலை ஆலை வைச்சிருந்தவங்களுக்காகத் தீர்வை போட்டாங்கள். பிரான்சுக்காரன் கோவிச்சுக்கொண்டு எங்கடை வைனை வேண்டாம் எண்டிட்டான். எங்கடை சனம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறிச்சுது. இதை உன்ரை புத்தகத்திலை எழுதியிருக்கோ?"

"என்ரை தலைப்பு அது இல்லை."

"அப்ப புத்தகத்தை மூடு."

"அப்ப தீர்வை எண்டது கூடாத சாமான் எண்டுறியள்?"

"கூடவே கூடாது. அது வடக்கான்ரை வேலை."

"மொரோக்கோவிலை இருந்து வாற தோடம்பழத்துக்கு?"

வாய்க்குள் இருந்ததை விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னார். "அது வேறை."

"என்னெண்டு வேறை?"

"அது என்ரை பழத்துக்கு மேலை வந்து விழுது. அதுக்கு இந்த மலை உயரத்துக்கு வரி போடவேணும்."

"அப்ப நீங்கள் இப்ப வடக்கு."

பக்கத்தில் கிடந்த மாண்டரீன் தோலை எடுத்து என் மேல் எறிந்தார். "எழும்பு. ஏணியைப் பிடி. படிச்சவனை வேலைக்கு வைச்சா இதுதான் நடக்கும்." ஏறும்போது மேலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

பழத்தை இழுத்துப் பிடுங்க விடமாட்டார். கத்தரிக்கோலால், காம்போடு ஒரு இலை ஒட்டியிருக்க வெட்டவேண்டும். இலை வாடாமல் இருந்தால் அந்தப் பழம் கடல் கடக்கவில்லை என்று சந்தையில் பார்க்கிறவருக்குத் தெரியும். தீர்வை போட ஆளில்லாத இடத்தில் அந்த இலையைத்தான் அவர் வேலியாக வைத்திருந்தார். ஆனால் கடைக்காரருக்கு விலைதான் தெரிந்தது. வருடத்துக்கு வருடம் மரத்திலேயே விடுகிற பழம் கூடிக்கொண்டு போனது.

4

நான் இருப்பது அக்கா வீட்டில். அத்தான் பல்லரோச் சந்தைக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார். சிவப்பரிசி, மிளகாய்த்தூள், கருவாடு, முருங்கைக்காய். அந்தக் கடையில் கடல் கடக்காத சாமான் ஒன்றும் இல்லை.

"உன்ரை கிழவன் சொல்லுற மாதிரி வரியைக் கூட்டினா நாளைக்கே நான் கடையைப் பூட்டவேணும்," என்பார் அத்தான். "பிறகு நீ முருங்கைக்காயை எங்கை தேடுவாய்? அவரின்ரை தோட்டத்திலை நடு."

"நீங்கள் அந்தக் கப்பல் வியாபாரியள், அத்தான்."

"கப்பல் இருந்தா நான் ஏன் உன்னோடை இருந்து கதைக்கிறன்?"

அவர்களுடைய மகள் தாரணிக்கு இது எதுவும் காதில் ஏறாது. அவளுக்குப் பதினொரு வயது. கடையில் உதவிக்கு நிற்கும்போது முருங்கைக்காயின் பெயர் வராமல் "அந்த நீளக் குச்சி" என்று கேட்டு எடுப்பாள். எனக்கு "ஸியோ" என்று பெயர். "மாமா" என்று சொல்லச் சொன்னால், "ரெண்டும் ஒண்டுதானே, ஸியோ, பாஸ்தா, போதும்," என்று கையை விரித்துக் காட்டுவாள். அந்தக் கைவிரிப்பு இந்தச் சந்தையின் மீன்காரருடையது. அக்கா அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு தொலைபேசியில் கதைப்போம். அந்த வருடம் அவர் சின்ன வெங்காயம் கூடுதலாக நட்டிருந்தார். இந்தியாவிலிருந்து வருகிற வெங்காயத்துக்கு வரி கூட்டியிருக்கிறார்களாம், விலை நிற்கும் என்று சந்தோஷமாக இருந்தார். வெங்காயம் கிண்டி எடுக்கிற நேரம் பார்த்து வரியைக் குறைத்துவிட்டார்கள். கொழும்பில் வெங்காயம் விலை ஏறினால் சனம் கத்தும், அதுவும் நியாயம்தான். அப்பாவின் மிளகாய்க்கு விலை கிடைத்த அந்தப் பழைய காலத்திலும் இலங்கையின் தெற்கில் சனம் பாணுக்கு வரிசையில் நின்றது என்று இப்போது நான் படித்து வைத்திருக்கிறேன். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"தம்பி," என்று கேட்டார், "அங்கை அத்தான் எந்த நாட்டு வெங்காயம் விக்கிறார்?"

அத்தான் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார். அவருக்கும் கேட்டது. நான் தொலைபேசியைத் தாரணியிடம் கொடுத்துத் தாத்தாவோடு கதைக்கச் சொன்னேன். அவள் "சாவோ, தாத்தா" என்று இத்தாலியனில் வணக்கம் சொன்னாள். அதற்கு மேல் தொலைபேசியில் கதைக்க அவளுக்குத் தமிழ் காணாது, அவருக்கு இத்தாலியன் இல்லை.

5

தை நடுவில் சிஞ்ஞோர் வீத்தோ ஏணியிலிருந்து விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. அன்று நான் பரீட்சைப் பதிவு விஷயமாக அரைநாள் லீவு எடுத்திருந்தேன். அவர் எனக்காகக் காத்திருக்காமல் தனியாக ஏறியிருக்கிறார்.

வடக்கே தொரினோ நகரத்தில் கல்யாணம் செய்து இருக்கிற மகள் ரோசாலியா வந்து இறங்கினார். கிழவர் மனைவி இல்லாத மனிதர். பிள்ளை அவர் ஒருத்திதான். தோட்டத்தை விற்றுவிடச் சொல்லிச் சில வருடமாகவே ரோசாலியா கேட்டுக்கொண்டிருந்தார். லொறி நிறுத்துகிற இடம் தேடி ஒருவர் வந்து போயிருந்தார். பழம் வாங்குகிற வியாபாரி சொன்ன விலை பறிக்கிற கூலிக்கே காணாது.

இதில் என் தலையும் இருந்தது. என் பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே இருப்பதற்கான அனுமதி, சித்திரையில் முடிகிறது. புதுப்பிக்க வேலை ஒப்பந்தம் வேண்டும். தோட்டம் இருந்தால் ஒப்பந்தம் இருக்கும். இல்லாமல் குவெஸ்தூராவில், அதாவது அனுமதி கொடுக்கிற பொலிஸ் அலுவலகத்தில், போய் நின்றால் என்ன நடக்கும் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒன்றும் நல்ல கதையாக இல்லை.

எனக்கு ஒரு யோசனை இருந்தது. எங்கள் பக்கத்துப் பெடியன்கள் மூன்று பேர் வேலையில்லாமல் இருந்தார்கள். கூலி வேண்டாம், பங்குக்குப் பறிப்போம், வியாபாரியிடம் கொடுக்காமல் நாங்களே வண்டியில் ஏற்றிப் பல்லரோவில் விற்போம். இந்தப் பருவத்தைப் பிடித்துவிட்டால் தோட்டம் நிற்கும். அவர் ஒரு சொல்லுச் சொன்னால் போதும். அந்தச் சொல்லைக் கேட்கத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

புறப்படும்போது அத்தான் சொன்னார்: "வெறுங்கையோடை போகாதை."

"தோட்டத்திலை கொஞ்சம் வெட்டிக்கொண்டு போகவோ? பூட்டின்ரை திறப்பு என்னட்டைத்தானே இருக்கு."

"உனக்கென்ன விசரே? அந்தாளின்ரை பொருளை அந்தாளுக்கே கொண்டுபோய்க் குடுக்கிறதே? முதலாளி படுத்த உடனை மரத்திலை கை வைச்சிட்டான் எண்டு மகள் நினைப்பாள். உன்ரை காசிலை வேண்டிக்கொண்டு போ. அதுதான் மரியாதை."

எனக்கும் அது சரியாகவே பட்டது. இப்போதும் யோசித்துப் பார்த்தால், நம் ஆட்களில் யாரும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

"பல்லரோவிலை வேண்டாதை," என்று பின்னால் நின்று கத்தினார். "மண்ணும் இலையுமாத் தருவாங்கள். சுப்பர்மார்க்கெட்டிலை பாத்து நல்லதா எடு."

நல்லதாகப் பார்த்து எடுத்தேன். ஒரே அளவு, ஒரே நிறம், மெழுகு பூசிய மினுக்கம். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன வட்டச் சீட்டு ஒட்டியிருந்தது. அதை நான் வாசிக்கவில்லை.

6

அவர் தலையணையில் சாய்ந்திருந்தார். மெலிந்திருந்தார். ரோசாலியா யன்னலோரக் கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் கிழவரின் பார்வை என் முகத்துக்கு வரவில்லை. நேரே பைக்குப் போனது.

"கொண்டுவந்தியோ!" என்றார். "நான் இவளுக்குச் சொன்னனான், அவன் கொண்டுவருவான் எண்டு."

பையை அவர் மடியில் வைத்தேன். பார்க்காமலே உள்ளே கையை விட்டார். விரல்கள் எதையோ தேடின. அவர் தேடியது இலை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு பழத்தை வெளியே எடுத்தார். கண்ணாடி போட்டு அந்தச் சீட்டை வாசித்தார். மொரோக்கோ.

ரோசாலியா எழுந்து வந்து பார்த்துவிட்டுத் திரும்பப் போய்க் கதிரையில் இருந்தார்.

"திறப்பு ஆரிட்டை இருக்கு?" என்று கேட்டார் அவர்.

"என்னட்டை."

"மரத்திலை பழம் இருக்கோ?"

"நிறைய இருக்கு. கிளை முறியுற அளவுக்கு."

"அப்ப ஏன் கடைக்குப் போனனீ?"

நான் சொன்னேன். எங்கள் ஊரில் ஒருவருடைய பொருளை அவருக்கே பரிசாகக் கொடுப்பதில்லை, அது களவுக்குச் சமம், நோயாளிக்குக் கொண்டுபோவது சொந்தக் காசில் வாங்கியதாக இருக்கவேண்டும். மனதில் ஓடியதெல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. இத்தாலியனில் சொல்லச் சொல்ல, கடைக்காரனிடம் பிடிபட்டவன் சாட்டுச் சொல்வது மாதிரி இருந்தது.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு பழத்தை உரிக்கத் தொடங்கினார். தோல் லேசில் வரவில்லை. நகத்தால் கீறிக் கீறி எடுத்தார். ஒரு சுளையைப் பிய்த்து வாயில் போட்டார்.

"நல்ல இனிப்பு," என்றார்.

அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"சிஞ்ஞோர் வீத்தோ, எங்கடை பெடியள் மூண்டு பேர் இருக்கிறாங்கள். கூலி வேண்டாம், பங்குக்குப் பறிக்கிறம். பல்லரோவிலை நாங்களே கொண்டுபோய்…"

"பறிச்சு?"

"விப்பம்."

"ஆருக்கு?"

அவர் என் முழங்கையில் கை வைத்தார். "நீ நல்ல பிள்ளை. உன்னிலை கோவமில்லை. என்ரை மரத்துக்குக் கீழை நிண்டவன், திறப்பைச் சட்டைப்பையிலை வைச்சுக்கொண்டு கடைக்குப் போறான். நல்ல மனசோடைதான் போறான். அப்ப மற்றவை போகமாட்டினமோ? வேலியைக் கட்டு கட்டு எண்டு நான் ஆரைக் கேக்கிறது? உன்னைச் சுத்தியும் கட்டவோ?"

பிறகு மகளின் பக்கம் திரும்பினார். "ரோசாலியா, அந்த லொறிக்காரனுக்குப் போன் அடி. வரச் சொல்லு."

ரோசாலியா உடனே தொலைபேசியை எடுக்கவில்லை. இத்தனை வருடமாக அவர் கேட்டதே அதுதான். கிடைத்தபோது அவர் அழுதார். நான் வெளியே நடையில் வந்து நின்றேன். பங்கு வேலை பற்றி யோசித்து வைத்திருந்த மிச்சமெல்லாம் வாய்க்குள்ளேயே இருந்தது.

அந்தப் பழம் இல்லாவிட்டாலும் கிழவர் விற்றுத்தான் இருப்பார் என்று அத்தான் இன்றும் சொல்கிறார். இருக்கலாம். மொரோக்கோவில் அந்தப் பழத்தை வெட்டியவனுக்கும் ஒரு அப்பா இருப்பார், அவர் இந்த விலைக்காவது விற்றதே என்று நிம்மதியாகப் படுத்திருப்பார் என்று நானும் எனக்குச் சொல்லிப் பார்த்தேன். ஆலை, கப்பல், பஞ்சு என்று மூன்று பக்கத்து நியாயத்தையும் என்னால் வரிசையாகச் சொல்ல முடிந்தது. சியாகுல்லியில் மாண்டரீன் ஒவ்வொன்றாக விழுந்து புல்லுக்குள் அழுகியபோது அந்த நியாயங்களில் ஒன்றும் எனக்கு உதவவில்லை.

7

என் பெர்மெஸ்ஸோ தப்பியது. அதையும் சொல்லவேண்டும். நடக்கமுடியாத தகப்பனைத் தொரினோவின் குளிருக்குக் கொண்டுபோக ரோசாலியாவுக்கு மனம் வரவில்லை. பலெர்மோவிலேயே லிபெர்த்தா என்ற பகுதியில் அவருடைய புருசன் வீட்டாரின் ஒரு வீடு வெறுமையாகக் கிடந்தது. அங்கே கிழவரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை. "நீ வருவாயா?" என்று கேட்டார். எனக்கு வீட்டுவேலை ஒப்பந்தம் எழுதினார்கள். குவெஸ்தூராவில் இருந்த பெண், விவசாயம் என்று இருந்த இடத்தில் இதை மாற்றிப் பதிந்துவிட்டு, கை ரேகைக்காக என் விரல்களைக் கண்ணாடியில் வைக்கச் சொன்னார். விரலில் மஞ்சள் போய்விட்டிருந்தது.

பரீட்சையும் முடிந்தது. ஆசிரியை பாராட்டினார். மூன்று பிரதேசத்தையும் பிசகாமல் சொன்னேன். அப்பாவிடம் சொன்னபோது, "அப்ப இனி நீயும் படிச்ச வாலிபர்தான்," என்று சிரித்தார். வெங்காயம் இந்தமுறை போடவில்லையாம். கடை வெங்காயம் மலிவாக இருக்கிறதாம்.

லிபெர்த்தா பணக்காரப் பகுதி. மேலே நாலாம் மாடி, அகலமான பல்கனி, கீழே நிழல் மரங்கள் வைத்த தெரு. காலையில் அவரைக் குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, கதிரையில் இருத்தி, பல்கனிக்குத் தள்ளிக்கொண்டு போவேன். அங்கிருந்து பார்த்தால் சியாகுல்லிப் பக்கத்து மலையின் ஒரு துண்டு தெரியும். கதிரையை மற்றப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்வார்.

போன கிழமை கடைத்தெருவில் சியாகுல்லியின் முதல் மாண்டரீன் வந்திருந்தது. சாமான் வாங்கப் போகும்போது கதவடியில் நின்று கேட்டேன், என்ன பழம் வேண்டும் என்று.

"மாண்டரீன் இந்த வீட்டுக்குள்ளை வரக்கூடாது," என்றார். "அப்பிள் வேண்டு."

"அப்பிள் வடக்கிலை இருந்தெல்லோ வருது."

"தெரியும். கடைசியிலை அவங்கள்தான் வெண்டது. வேண்டிக்கொண்டு வா."

வாங்கி வந்து, பல்கனியில் அவருக்குப் பக்கத்தில் இருந்து, தோல் சீவி, துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தேன். மெதுவாக மென்றார். அவருக்கு இப்போது பல்லும் சரியில்லை.

"புரொபெஸ்ஸோரே, அந்தக் கரோலினாக்காரருக்குக் கடைசியிலை என்ன நடந்தது?"

"தீர்வையைக் குறைச்சினம். சமாதானமாகிச்சினம். பிறகு கொஞ்சக் காலத்திலை பெரிய சண்டை வந்தது. அது வேறை காரணம்."

"என்ன காரணம்?"

"பஞ்சு பறிச்ச சனம். அவை அடிமையள். ஆபிரிக்காவிலை இருந்து பிடிச்சுக்கொண்டு வந்து, சந்தையிலை வித்து வேண்டின சனம். அவையை விடுறதோ இல்லையோ எண்டு சண்டை."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "அவை என்ன சொல்லிச்சினம்?"

"எதைப் பற்றி?"

"தீர்வையைப் பற்றி. வேணும் எண்டோ, வேண்டாம் எண்டோ?"

நான் படித்த புத்தகத்தை மனதில் புரட்டிப் பார்த்தேன். ஆலைக்காரர் சொன்னது இருந்தது, தோட்டக்காரர் சொன்னது இருந்தது, கப்பல்காரர் சொன்னதுகூட இருந்தது. பரீட்சையில் அடிமைகளைப் பற்றி நான் ஒரு வரி சொல்லியிருந்தேன். அதற்கு மேல் என்னை யாரும் கேட்கவில்லை.

"புத்தகத்திலை இல்லை," என்றேன். "அவையை ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டினம்."

கிழவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அடிமை இல்லை. எனக்கு முத்திரை குத்திய ஒப்பந்தம் இருக்கிறது, மாதம் முடிய சம்பளம் இருக்கிறது, வேண்டாம் என்றால் எழுந்து போகிற கால் இருக்கிறது. இதையெல்லாம் அவருக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அவர் கேட்டது வேறொன்று.

"தோட்டத்தை விக்கேக்கை நான் உன்னைக் கேட்டனானோ?"

"இல்லை."

"இப்ப கேக்கிறன். சொல்லு. வித்திருக்கலாமோ?"

நடக்கமுடியாத ஒரு மனிதருக்கு என்ன பதில் நல்லது என்று எனக்குத் தெரியும். அத்தான் என்றால் அதைத்தான் சொல்லியிருப்பார். மூன்று பெடியன்களையும், வெட்டாமல் விட்ட கிளைகளையும் நினைத்தேன்.

"வித்திருக்கக் கூடாது," என்றேன்.

அவர் ஓம் என்பது போலத் தலையாட்டினார். பிறகு, மற்ற அப்பிளையும் வெட்டச் சொன்னார்.